கனகத்தின் கூண்டுகளில் மரத்தூள் கிடையாது

பொங்கல் வந்தால் நெய்வேலி டவுன்ஷிப் பாதி காலியாகிவிடும். எல்லாரும் எங்கெங்கிருந்தோ வந்து சேர்ந்தவர்கள். கோவில்பட்டிக்காரர் கோவில்பட்டிக்கும் பொள்ளாச்சிக்காரர் பொள்ளாச்சிக்கும் பெட்டி கட்டிவிடுவார்கள். நாய் வளர்ப்பவர்கள் எதிர் குவார்ட்டர்ஸில் சொல்லிவிட்டுப் போவார்கள். பறவை வளர்ப்பவர்கள் மட்டும் கூண்டைத் தூக்கிக்கொண்டு பக்கத்து ஊரான வடக்குத்துக்கு வந்து கனகத்தின் வாசலில் நிற்பார்கள்; அவர்கள் திரும்பும்வரை பறவைகளைக் காசுக்குப் பார்த்துக்கொள்வது அவள் தொழில்.

வாசலில் நிற்பவர் ஆபீசராக இருந்தாலும் சரி, ஆபீசர் வீட்டு அம்மாவாக இருந்தாலும் சரி, கனகத்தின் சட்டம் ஒன்றுதான். அவள் ஷெட்டுக்குள் வரும் எந்தக் கூண்டிலும் அடித்தட்டில் வெள்ளைத் தாள்தான் விரிக்கப்படும். சாதாரண நியூஸ் பேப்பர், கறுப்பு எழுத்து மட்டும் உள்ள பக்கம். வழவழப்பான வண்ணத்தாள் ஆகாது, பறவையின் கால் வழுக்கும். மணல் ஆகாது, கொத்தி விழுங்கினால் வயிற்றில் அடைத்துக்கொள்ளும். மரத்தூள் என்ற பேச்சே கிடையாது. தட்டில் ஆறு தாளை அடுக்கி, காலையில் மேல் தாளை உருவி எடுப்பாள். உருவிய தாளை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், மற்றவர்கள் தலைப்புச் செய்தியைப் பார்க்கிற மாதிரி எச்சத்தைப் பார்ப்பாள். அதன் நிறம் என்ன, தண்ணீர் எவ்வளவு, கட்டியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மூலையில் பேனாவால் தேதி போட்டு வைப்பாள்.

தாளை விரிப்பதற்கு முன் இன்னொன்றும் செய்வாள். சாமி படம் இருக்கிறதா என்று புரட்டுவாள். கண்ணீர் அஞ்சலி, நினைவஞ்சலி என்று யாருடைய முகமாவது இருந்தால் அந்தப் பக்கத்தைத் தனியே எடுத்து வைத்துவிடுவாள். செத்தவர் மூஞ்சியில் கிளி கழிய வேண்டுமா, என்ன பாவம் செய்தார் அவர்?

இந்தச் சட்டம் சும்மா வந்ததில்லை. நான்கு வருடத்துக்கு முன்பு கனகத்திடம் சொந்தமாகவே ஏழு லவ் பேர்ட்ஸ் இருந்தன. வடக்குத்தில் பெல்ட் இல்லாத வீடு கிடையாது. மைன்ஸில் கரி ஏற்றி ஓடித் தேய்ந்துபோன கன்வேயர் பெல்ட் ஏலத்துக்குப் போய், துண்டு துண்டாக ஊருக்குள் வந்துவிடும். மாட்டுக்குக் கீழே விரிப்பார்கள், குளியலறை வாசலில் போடுவார்கள், தண்ணீர்த் தொட்டியை மூடுவார்கள். எந்தச் சிக்கலுக்கும் அந்த ஊரில் முதலில் நினைவுக்கு வருவது பெல்ட்தான். அவள் புருஷன் பன்னீர்செல்வம் மைன்ஸில் பெல்ட் பிரிவிலேயே காண்ட்ராக்ட் வேலை. பழைய இரும்புக் கடையிலிருந்து நல்ல துண்டாகப் பார்த்து வாங்கி வந்து, அளவெடுத்து அறுத்து, கூண்டின் அடியில் பாங்காகப் பொருத்திக் கொடுத்தான். கழுவினால் போதும், ஆயுசுக்கும் வரும் என்றான். கனகத்துக்கும் பெருமைதான்.

பெல்ட் கறுப்பு. எச்சம் பச்சைத் தண்ணீராக மாறி நான்கு நாள் ஆகியும் அந்தக் கறுப்பில் ஒன்றும் தெரியவில்லை. போதாததற்கு, அறுத்த ஓரத்திலிருந்து நூல் பிரிந்து, ஒரு குஞ்சின் காலை இறுக்கிவிட்டது. ஐந்தாம் நாள் காலையில் இரண்டு பறவைகள் கீழே கிடந்தன. அந்த வாரம் முடிவதற்குள் ஏழும் போய்விட்டன. கடலூர் கால்நடை டாக்டர் திட்டவில்லை. "கீழ ஒரு வெள்ளைத் தாளு விரிச்சிருந்தீன்னா மொத நாளே தெரிஞ்சிருக்கும்மா" என்று மட்டும் சொன்னார். கனகம் அன்று பஸ்ஸில் வழி நெடுக அழுதாள். வீட்டுக்கு வந்து பன்னீரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெல்ட்டை உருவித் தெருவில் எறிந்தாள், அவ்வளவுதான். பிறகு அந்த டாக்டரிடமே போய்ப் போய் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

இந்தப் போகிக்கு முந்தின நாள் மத்தியானம் வாசலில் வெள்ளைக் கார் வந்து நின்றது. அதைப் பார்த்ததுமே பன்னீர்செல்வம் மடித்துக் கட்டியிருந்த லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு ஓடினான். காரை ஓட்டிவந்தவர் சங்கரலிங்கம் சார், அவன் வேலை செய்யும் பெல்ட் பிரிவின் ஆபீசர். காண்ட்ராக்ட் ஆட்களின் கேட் பாஸை அடுத்த மாதம் புதுப்பிக்கிற நேரம்; சார் கையெழுத்து இல்லாமல் மைன்ஸுக்குள் நுழைய முடியாது. சார் காதில் போனை வைத்தபடி நின்றுபோன ஏதோ ஒரு கன்வேயரைப் பற்றிப் பேசிக்கொண்டு காரிலேயே உட்கார்ந்திருந்தார். இறங்கி வந்தது அவர் மனைவி தனபாக்கியம்.

அவர் கையில் பளபளவென்று ஒரு கூண்டு. உள்ளே ஒரு காக்கட்டீல் கிளி. தலையில் மஞ்சள் கொண்டை, கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு. பெயர் மிட்டு. கூண்டின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு இளஞ்சிவப்பாய் மரச்சீவலும் தூளும் கிடந்தன. கற்பூரமும் சந்தனமும் கலந்த மாதிரி ஒரு வாசனை வாசல் வரைக்கும் அடித்தது. இன்னொரு கையில் அதே சீவல் அடைத்த பெரிய பை.

"நா மட்டும் ஊருக்குப் போறேன் கனகம். சாருக்கு டூட்டி. அவுக கையில விட்டா பறவைக்குத் தண்ணி வைக்கக்கூட மறந்துருவாக. பத்து நாளு பாத்துக்கோ. இந்தா, அஞ்சு நாளைக்கு ஒரு தடவ இதப் புதுசா மாத்திப் போடு. வெளிநாட்டுச் சரக்கு, ஆன்லைன்ல வரவழைச்சது. வீட்டுல பறவை இருக்குன்னே தெரியாது, அப்படி ஒரு வாசனை."

கனகம் பையை வாங்கவில்லை. குனிந்து மிட்டுவைப் பார்த்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் அதன் வால் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு தடவை தும்மியது.

"இது மூச்சு வாங்குது மேடம். எத்தினி நாளா இப்படி இருக்குது?"

"அது ஏசி ஒத்துக்கல."

"ஏசி இல்லீங்க. இந்த வாசனதாங்க. பறவைக்கு நெஞ்சு ஒரு விரக்கட அளவு. அதுக்குள்ள இந்த நெடி போய்க்கினே இருந்தா தாங்காது. எங்கிட்ட உட்டீங்கன்னா பேப்பருதான் போடுவேன்."

"பேப்பரா? மளிகைக் கடையில கருவாடு மடிக்கிற பேப்பரையா எம் மிட்டுக்குப் போடுவ?"

"கருவாட்டுக்கு மடிக்கிறதுக்கு முன்னாடி நான் வாங்கிக்கிறேன் மேடம்" என்றாள் கனகம். முகத்தில் சிரிப்பு இல்லை.

தனபாக்கியத்துக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. இவளிடம் பேசிப் பயனில்லை என்று பன்னீர்செல்வத்தின் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுப்பா. இதத்தான் போடணும். தெனமும் வீடியோ கால்ல பாப்பேன்." பன்னீரின் கண் ஒரு தடவை காருக்குள் போய்த் திரும்பியது. "ஆவட்டுங்க மேடம்" என்று தலையாட்டிவிட்டான். கனகத்தின் பார்வையைச் சந்திக்காமல் பையையும் வாங்கிக்கொண்டான்.

கார் தெரு முனை திரும்புவதற்குள் கனகம் தட்டை உருவிச் சீவலைக் குப்பையில் கவிழ்த்தாள். தட்டைச் சுடுதண்ணீரில் கழுவித் துடைத்துக் காயவைத்து, ஆறு தாள் விரித்தாள். பன்னீர் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தான்.

"மேடங்கிட்ட ஒத்துக்கினேனே கனகம்."

"ஒத்துக்கினது நீங்க. நான் இல்ல."

"சரி, ஒண்ணு பண்ணு. அவங்க போன் பண்றப்ப மட்டும் ரெண்டு கை அள்ளி மேல தூவி காட்டிடு. போன வெச்சதும் எடுத்துடு. பறவைக்கும் ஒண்ணும் ஆவாது, நமக்கும் ஒண்ணும் ஆவாது. பாஸ் வர்ற வரிக்கும்தான்."

கெட்ட யோசனை என்று சொல்லிவிட முடியாது. வடக்குத்தில் பத்தில் ஒன்பது பேர் அதைத்தான் செய்திருப்பார்கள். கனகமும் ஒரு நொடி பையைப் பார்த்தாள். பிறகு அவளுக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. பத்து நாள் நாடகம் ஆடிப் பறவையைத் தேற்றிக் கொடுத்தால், தூள் போட்டுத்தான் தேறியது என்று அந்த அம்மா வீட்டுக்குக் கொண்டுபோய் இன்னும் இரண்டு பை வாங்கிக் கொட்டும். ஒரு மாதத்தில் மிட்டு செத்துப்போகும். பொய் சொல்லிக் காப்பாற்றினால் அது பத்து நாளைக்குத்தான்.

"தூவ மாட்டேன்" என்றாள். பன்னீர் பையைத் தூக்கிப் பரண்மேல் வைத்துவிட்டுப் போய்விட்டான். அவன் மனதில் என்ன ஓடுகிறது என்று அவளுக்குத் தெரியாதா? தான் இல்லாத நேரமாகப் பார்த்து அவனே தூவிக் காட்டிவிடுவான்.

மறுநாள் போகி. விடியற்காலையில் தெருவெல்லாம் பழைய பாயும் துடைப்பமும் எரிந்துகொண்டிருந்தன. புகை போகாமல் இருக்க ஷெட்டின் ஜன்னல்களில் ஈரப் போர்வையைக் கட்டிவிட்டு, கனகம் பரணிலிருந்து பையை இறக்கினாள். வாசலுக்கு வந்து, மேளம் தட்டிக்கொண்டிருந்த பிள்ளைகளை விலகி நிற்கச் சொல்லி, முழுப் பையையும் நெருப்பில் கொட்டினாள். தெருவே சந்தனக் கடை மாதிரி மணத்தது. பல் துலக்கிக்கொண்டு வெளியே வந்த பன்னீருக்கு வாயில் நுரை நிற்க, கையில் பிரஷ் நின்றது.

"கனகம், அது யாரோட பொருளுன்னு தெரியுமா?"

"தெரியும். அதான் ஒளிச்சு வெக்கல. நடுத்தெருவுல கொளுத்துறேன்."

எட்டு மணிக்குக் கோவில்பட்டியிலிருந்து வீடியோ கால் வந்தது. கனகம் போனைக் கூண்டுக்கு நேராகப் பிடித்தாள். திரையில் தனபாக்கியத்தின் முகம் முதலில் மலர்ந்து, பிறகு சுருங்கியது.

"தூளு எங்க?"

"போகியில போட்டுட்டேன் மேடம்."

அப்புறம் வந்தது பாருங்கள், கோவில்பட்டியிலிருந்து ஒரு மழை. நன்றி கெட்டவள், படிக்காதவள், கூண்டைத் தேய்க்கிறவளுக்கு இவ்வளவு திமிரா என்று வரிசையாக வந்து விழுந்தது. கனகம் போனை ஆடாமல் பிடித்துக்கொண்டு கேட்டாள். பிளாக் முழுக்கச் சொல்லி, இனி ஒரு கூண்டு உன் வாசலுக்கு வராமல் பண்ணுகிறேன் என்றார். கடைசியில் தனபாக்கியம் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஒம் வீட்டுக்காரன் யாரு செக்ஷன்ல வேல பாக்கான்னு ஞாபகம் இருக்கா? சாரை இன்னைக்கே அனுப்புதேன். பறவையைக் கொடுத்துவிடு."

போன் அணைந்தது. பன்னீர்செல்வம் ஆணியில் மாட்டியிருந்த கேட் பாஸை எடுத்துத் தேதியைப் பார்த்தான். கனகத்துக்கும் பயம் இல்லாமல் இல்லை. ஷெட்டில் பதினெட்டுக் கூண்டுகள் இருந்தன, எல்லாம் டவுன்ஷிப்பிலிருந்து வந்தவை. பாஸ் போனால் வீட்டில் வருமானம் என்று மிஞ்சுவது இந்த ஷெட்தான்; அதுவும் போய்விட்டால் என்ன மிஞ்சும்? மிட்டுவின் கூண்டிலிருந்து மேல் தாளை உருவி, வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். பச்சைத் தண்ணீர். நான்கு வருடத்துக்கு முன்பு கறுப்பில் காணாமல் போன அதே பச்சை, இப்போது வெள்ளைத் தாளில் பளிச்சென்று தெரிந்தது. மூலையில் தேதி போட்டு எடுத்து வைத்தாள்.

சாயங்காலம் நான்கு மணிக்குச் சார் வந்தார். வேலையிலிருந்து நேராக வந்திருக்கிறார். முன் சீட்டில் ஹெல்மெட் கிடந்தது, சட்டைக் காலரில் கரித்தூசி. கையிலிருந்த போனில் தனபாக்கியம் ஸ்பீக்கரில் இருந்தார். சங்கரலிங்கத்தைப் பார்த்தால் சண்டைக்கு வந்தவராகத் தெரியவில்லை. மனைவி சொன்னதைச் செய்து முடித்துவிட்டுப் போய்த் தூங்கினால் போதும் என்ற முகம்.

"கூண்டக் குடுத்துரும்மா" என்றார்.

கனகம் ஷெட் கதவின் குறுக்கே நின்றாள். "குடுக்க மாட்டேன் சார்."

"அது எங்க பறவைம்மா."

"ஆமாங்க சார், உங்க பறவதான். மூச்சு வாங்குறது நின்ன அன்னிக்கி நானே கொண்டாந்து உங்க வூட்டு வாசல்ல வெக்கிறேன். இப்பக் குடுத்தா மேடம் மறுபடியும் தூள் போடுவாங்க. நாலு நாள் தாங்காது."

"போலீசக் கூப்பிடுங்க" என்றது போன்.

"கூப்பிடுங்க மேடம். அவங்களுக்கும் இதத்தான் காட்டுவேன்." தேதி போட்டு வைத்திருந்த இரண்டு தாள்களை எடுத்துச் சாரின் முன்னால் பிடித்தாள். "இது நேத்து சாயங்காலமே உருவுனது. இது இன்னிக்கி காலையில. பாருங்க சார், எவ்ளோ பச்ச, எவ்ளோ தண்ணி. தூளு போட்ட தட்டுல இது தெரியாது. உறிஞ்சிகினு மணக்கும்."

சங்கரலிங்கம் தாளைப் பார்த்தார். முகம் சுளித்தார். "ஒரு பேப்பரப் பாத்துட்டு எப்படிம்மா இவ்வளவும் சொல்லுத?"

அப்போதுதான் பன்னீர்செல்வம் வாயைத் திறந்தான். அதுவரை அவன் கூண்டை எடுத்துக் கொடுத்துவிடத்தான் நின்றுகொண்டிருந்தான். கால்கூட ஒரு அடி முன்னால் வந்திருந்தது.

"சார், பெல்ட்ட ஓட்டுற டிரைவ் ஹெட்ல கியர்பாக்ஸுக்கு அடியில நீங்கதான வெள்ளத் துணி விரிக்கச் சொன்னீங்க."

சார் திரும்பினார்.

"கரியும் கிரீஸுமா தரையே கறுப்பா கெடக்குது, எண்ண ஒழுகுனா எவனுக்கும் தெரியாது, ஒடைஞ்ச பின்னாடிதான் தெரியும்னு சொன்னீங்க. தெனம் காலையில துணிய எடுத்துப் பாருங்கடான்னு சொன்னீங்க. அதத்தான் சார் இவ பண்ணிகினு இருக்கா." அவன் ஷெட்டுப் பக்கம் கைகாட்டினான். "நாலு வருஷத்துக்கு முன்னாடி பறவைக்கு அடியில பெல்ட்ட வெட்டிப் போட்டவன் நானு. ஏழும் செத்துது. இவ என்ன ஒரு வார்த்த கேக்கல சார். இன்னி வரிக்கும் கேக்கல. பாஸ் போனா போவட்டும். இந்தக் கூண்ட நான் எடுத்துக் குடுக்க மாட்டேன்."

கனகம் அவனைத் திரும்பிப் பார்த்தாள். கல்யாணமான இருபது வருடத்தில் மேலதிகாரி முன்னால் அவன் இவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதில்லை. கண் நிறைந்துவிட்டது, துடைத்துக்கொள்ளவில்லை.

போனிலிருந்து "என்ன சொல்லுதான் அவன்? வாங்கிட்டீகளா?" என்று குரல் வந்துகொண்டே இருந்தது. சங்கரலிங்கம் அந்த இரண்டு தாள்களையும் வாங்கி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஏதோ டிராயிங்கைப் பார்ப்பதுபோல இன்னொரு தடவை பார்த்தார். பிறகு போனை வாய்க்கு அருகில் கொண்டுபோனார். "அப்புறம் பேசுதேன் தனம்" என்று அணைத்தார்.

"டாக்டரு கடலூர்லயா?" என்று கேட்டார். ஹெல்மெட்டைப் பின் சீட்டில் தூக்கிப் போட்டுவிட்டு, முன் சீட்டில் கூண்டோடு கனகத்தை உட்கார வைத்துக்கொண்டு அவரே ஓட்டிப் போனார். டாக்டர் தண்ணீரில் கலக்கச் சொட்டு மருந்து கொடுத்தார். மரவாசனை பக்கமே கொண்டுபோகாதீர்கள் என்று சாரைப் பார்த்தே சொன்னார். திரும்பி வந்து இறக்கிவிடும்போது சார் பன்னீரைக் கூப்பிட்டார். "நாளைக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட்தான? கியர்பாக்ஸ்ல அந்தத் துணி அழுக்காக் கெடக்கு. மாத்திரு." பாஸைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. வருகிற மாதமும் இவன் வேலைக்கு வருவான் என்று நினைக்கிற மனுஷர்தான் அப்படிச் சொல்வார் என்று பன்னீர் இரண்டு நாள் சொல்லிக்கொண்டே திரிந்தான்.

தனபாக்கியம் மறுபடி கூப்பிடவில்லை. அதற்காகக் கனகம் விட்டுவிடுவாளா? தினமும் காலையில் உருவிய தாளைப் படம் எடுத்து, ஒரு வார்த்தை எழுதாமல் அவருக்கு அனுப்பினாள். பொங்கலன்று அனுப்பினாள். மாட்டுப் பொங்கலன்று அனுப்பினாள். கோவில்பட்டியில் சொந்தபந்தம் சூழக் கரும்பு கடித்துக்கொண்டிருக்கிற நேரத்தில் அந்த அம்மாவின் போனில் மிட்டுவின் எச்சம் போய் இறங்கியது. பார்த்துவிட்டார் என்று நீலக் குறி விழும், பதில் வராது. ஐந்தாம் நாள் பச்சை குறைந்தது. ஏழாம் நாள் கட்டியாகி, நடுவில் வெள்ளை வந்தது. எட்டாம் நாள் வால் ஆடவில்லை. ஒன்பதாம் நாள் மிட்டு கம்பியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு விசில் அடித்தது.

பத்தாம் நாள் தனபாக்கியம் ஆட்டோவில் வந்து இறங்கினார். கூண்டை நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தார். மிட்டு கொண்டையைத் தூக்கிக் கத்தியது.

"எடம் மாறினதுல சரியாப் போச்சு" என்றார். "இங்க காத்து நல்லா இருக்கு."

மைன்ஸ் ஓரத்து வடக்குத்தில், காயப்போட்ட வேட்டி சாயங்காலத்துக்குள் கறுத்துப்போகிற தெருவில் நின்றுகொண்டு அதைச் சொன்னார். பன்னீர் பின்னாலிருந்து கனகத்தின் முந்தானையைப் பிடித்து இழுத்தான், பேசாமல் இரு என்று.

"காத்தெல்லாம் இல்லீங்க மேடம். தூளு இல்லாததாலதான்" என்றாள் கனகம்.

"இனிமே ஒங்கிட்ட விட மாட்டேன்."

"உடாதீங்க. ஆனா தெனம் பேப்பர மாத்துங்க." பத்து நாளைக்கான தாளை அளவாக மடித்து வைத்திருந்தாள். அதைக் கூண்டின்மேல் வைத்தாள். தனபாக்கியம் அதைத் தொடவில்லை. தூக்கி எறியவும் இல்லை. ஆட்டோ கிளம்பியபோது தாள்கள் கூண்டின்மேல்தான் இருந்தன.

அதன்பின் பதினைந்து நாள் அந்தப் பக்கமிருந்து ஒரு தகவலும் இல்லை. பிளாக்கில் யாரிடம் என்ன சொன்னாரோ, கூண்டை எடுத்துக்கொண்டு போன இரண்டு வீட்டுக்காரர்கள் திரும்பிப் பேசவில்லை. கனகத்துக்கு அது வலிக்கத்தான் செய்தது. ஆனால் காலையில் எழுந்ததும் அவள் நினைப்பு அந்த வீடுகளுக்குப் போகாது, மிட்டுவிடம்தான் போகும். அந்தப் பறவை எதன்மேல் நிற்கிறதோ, யாருக்குத் தெரியும்?

பதினாறாம் நாள் காலையில் அவள் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தபோது போன் சத்தம் போட்டது. தனபாக்கியத்தின் எண். எழுத்து ஒன்றும் இல்லை, ஒரு படம் மட்டும். கனகம் கையைத் துடைத்துக்கொண்டு வெளிச்சத்துக்குப் போய்ப் படத்தைப் பெரிதாக்கினாள். கூண்டின் அடித்தட்டு. அதில் நியூஸ் பேப்பர், தட்டு அளவுக்கு ஒழுங்காக மடித்து விரித்தது. மேலே நான்கு எச்சம், கட்டியாக, நடுவில் வெள்ளையோடு. மூலையில் பேனாவால் தேதி.

பன்னீர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். "நல்லதா நாலு வார்த்த எழுது கனகம். ரொம்ப சந்தோஷம்னு போடு."

கனகம் நெடுநேரம் பார்த்தாள். படத்தின் கீழ் ஓரத்தில் மீசை வைத்த ஒரு பெரியவர், மாலை போட்ட சட்டத்துக்குள்ளிருந்து, பத்தாம் ஆண்டு நினைவஞ்சலியில் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாவதாக ஓர் எச்சம் சரியாக அவர் நெற்றியில் விழுந்திருந்தது.

கனகம் நிதானமாக ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி அனுப்பினாள்.

"எச்சம் நல்லா இருக்குது மேடம். அஞ்சலி வர்ற பக்கத்த மட்டும் போடாதீங்க. நாளைக்கும் அனுப்புங்க, பாக்கணும்."